கேபிளைத் தொடாத பொறியாளர்கள்

நம் பொறியியல் கல்லூரிகளில் 'கணினி வலையமைப்பு' என்ற பெயரில் நடத்தப்படும் பாடத்துக்கும் வலையமைப்புக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது என்று சொன்னால், ஆசிரிய நண்பர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும். சில வருடங்களாக வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் உட்கார்ந்து வருகிறேன். ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளைக் கேட்டால் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். "சரி தம்பி, உங்க லேப்டாப்புக்கு 169.254ன்னு ஆரம்பிக்கிற ஐபி முகவரி வந்திருக்கு. என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டால் அறையில் ஏசி ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது.

பதில் ரொம்பச் சின்னது. கணினி டிஹெச்சிபி சர்வரிடம் "எனக்கு ஒரு முகவரி கொடு" என்று கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் தானாகவே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது. இது தெரிந்தவர் அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்று யோசிப்பார். கேபிள் தவறான போர்ட்டில் இருக்கிறதா, டிஹெச்சிபி சர்வர் படுத்துவிட்டதா? தெரியாதவர் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்வார். மறுபடியும் செய்வார். பிறகு டிக்கெட் போடுவார். எட்டு செமஸ்டர் படித்து வந்தவர் டிக்கெட் போடும் இடத்தில் நிற்கிறார் என்றால் குற்றம் அவர் மேல் இல்லை.

நமக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன என்று பார்ப்போம். முதலில் அந்த ஏழு அடுக்குகள். ஓஎஸ்ஐ மாதிரி சர்வதேசத் தரமாக வெளிவந்தது 1984ல். அதற்கு முந்தைய வருடமே, 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் தாயான அர்பாநெட் டிசிபி/ஐபிக்கு மாறிவிட்டது. இன்று நாம் பயன்படுத்தும் இணையம் அந்த டிசிபி/ஐபியின் வழியில் வந்தது. ஓஎஸ்ஐக்காக எழுதப்பட்ட நெறிமுறைகள் பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுபோயின. அதற்காக அந்த மாதிரியே வீண் என்று சொல்லவில்லை. "இது லேயர் 2 பிரச்சினை, லேயர் 3 வரைக்கும் போகவே இல்ல" என்று வேலையில் தினமும் பேசிக்கொள்கிறோம். அது ஒரு பேச்சுமொழி, நல்ல வரைபடம். ஆனால் வரைபடத்தை மனப்பாடம் செய்யவைத்து ஊரைக் கண்ணில் காட்டாமல் அனுப்பிவிடுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

அடுத்தது ஏ, பி, சி வகுப்பு முகவரிகள். சி வகுப்பில் 256 முகவரிகள், பி வகுப்பில் 65,536. ஆயிரம் கணினி வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஒன்று போதாது, மற்றது வீண். முகவரிகள் தீர்ந்துபோகும் என்ற பயத்தில் 1993லேயே இந்த வகுப்புப் பிரிவினையைக் கைவிட்டு, எந்த இடத்தில் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம் என்ற சிஐடிஆர் முறைக்கு உலகம் மாறிவிட்டது. என்னிடம் நேர்காணலுக்கு வரும் பிள்ளைகள் பலர் 1993க்குப் பிறகு பிறந்தவர்கள். தாங்கள் பிறக்கும் முன்பே செத்துப்போன ஒரு ஏற்பாட்டை நடைமுறை என்று நினைத்துப் படித்துவிட்டு வருகிறார்கள். வரலாறாகச் சொல்லிக்கொடுத்தால் அருமையான பாடம். விதியாகச் சொல்லிக்கொடுத்தால் பொய்.

அப்படியென்றால் அடிப்படை எது? என்னைக் கேட்டால், ஒன்று வேலை செய்யாதபோது வரிசையாகக் கேட்க வேண்டிய சில கேள்விகள்.

எனக்கு முகவரி இருக்கிறதா? நான் பேச வேண்டிய கணினி என் தெருவிலேயே இருக்கிறதா, வெளியூரா? சப்நெட் மாஸ்க் என்பது இந்த ஒரு கேள்விக்கான பதில்தான். என் முகவரி 10.20.30.40, அவருடையது 10.20.31.5. மாஸ்க் /24 என்றால் அவர் வெளியூர். /23 என்றால் அதே தெரு. அதே தெரு என்றால் "10.20.31.5 யாருப்பா?" என்று ஏஆர்பி மூலம் தெரு முழுக்கக் கூவிக் கேட்கலாம். வெளியூர் என்றால் கேட்வேயிடம் கொடுத்துவிட வேண்டும். கேட்வே எனக்கு எட்டுகிறதா? பெயரைக் கொடுத்தால் முகவரி கிடைக்கிறதா, அதாவது டிஎன்எஸ் பதில் சொல்கிறதா? கடைசியாக, அந்த முகவரியில் அந்த போர்ட்டில் யாராவது காதுகொடுத்துக் கேட்கிறார்களா?

இந்தக் கடைசிக் கேள்வியில் ஒரு நுட்பம் உண்டு. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வருவதும் 'டைம்டு அவுட்' என்று வருவதும் பலருக்கு ஒன்றுதான், இரண்டும் சிவப்பு எழுத்து. கதவைத் தட்டுகிறீர்கள். "அவர் இங்க இல்ல, போங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தால், வீடு இருக்கிறது, வழி சரி, தேடிய ஆள்தான் இல்லை. பெரும்பாலும் அந்த சர்வீஸ் ஓடவில்லை என்று அர்த்தம். எவ்வளவு தட்டியும் சத்தமே இல்லை என்றால் நீங்கள் வீட்டுக்கே போய்ச் சேரவில்லை, அல்லது நடுவில் ஒரு ஃபயர்வால் உங்களைச் சத்தமில்லாமல் விழுங்குகிறது. முதல் பிழைக்கு சர்வரைப் பார்க்க வேண்டும், இரண்டாவதற்கு வழியை. இதைத் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். தெரியாததால் போகும் மணிநேரங்களை எந்த நிறுவனமும் கணக்கெழுதுவதில்லை.

"அட போங்க சார், இப்ப எல்லாமே கிளவுட்ல இருக்கு. அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க." இதுதான் எனக்கு வரும் முதல் மறுப்பு. சொல்பவர்களில் பாதிப்பேர் கிளவுடில் தினமும் வேலை செய்பவர்கள் என்பதுதான் வேடிக்கை. கிளவுடில் ஒரு தனி வலையமைப்பு தொடங்கப் போனால் அது முதலில் கேட்பதே சிஐடிஆர் வரம்பைத்தான். அங்கே தோன்றியதைப் போட்டுவிட்டு, ஒரு வருடம் கழித்து இரண்டு வலையமைப்புகளை இணைக்கும்போது இரண்டிலும் ஒரே முகவரிகள் இருப்பதைப் பார்த்துத் தலையில் கைவைக்கும் குழுக்கள் நிறைய. கேபிள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சப்நெட், ரூட்டிங் அட்டவணை, ஃபயர்வால், டிஎன்எஸ் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன.

நான் வேலை செய்த ஓர் அலுவலகத்தில் நடந்தது. ஒரு பையனின் லினக்ஸ் லேப்டாப்பிலிருந்து மட்டும் சோதனை டேட்டாபேஸ் எட்டவில்லை. மற்ற எல்லோருக்கும் எட்டுகிறது. கடவுச்சொல்லை மாற்றினார்கள், விபிஎன்னை அழித்து மறுபடி நிறுவினார்கள். இரண்டு நாள் போனது. மூன்றாவது நாள் இரவு ஷிஃப்டுக்கு வந்த நெட்வொர்க் அட்மின் அண்ணன் லேப்டாப்பை வாங்கி, 'ஐபி ரூட்' என்று ஒரே ஒரு கட்டளை அடித்தார். "டேட்டாபேஸ் முகவரி என்ன தம்பி? 172.17ல ஆரம்பிக்குதா? போன வாரம் கண்டெய்னர் ஏதும் போட்டியா?" போட்டிருந்தான். அந்த மென்பொருள் வழக்கமாக 172.17 வரம்பு முழுவதையும் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். டேட்டாபேஸ் தன் வயிற்றுக்குள்ளேயே இருப்பதாக லேப்டாப் நினைத்துக்கொண்டு, பாக்கெட்டை வெளியே அனுப்பவே இல்லை. அண்ணன் டிப்ளமோ படித்தவர். அறையிலிருந்த பி.இ.க்களில் யாரைவிடவும் அவருக்குச் சம்பளம் குறைவு.

பெரிய இடங்களும் இதற்கு விலக்கல்ல. 2021 அக்டோபர் 4, இந்திய நேரப்படி இரவு ஒன்பது மணிக்கு மேல் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுக்க மறைந்துபோயின. ஏறத்தாழ ஆறு மணிநேரம். பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்தது. தரவு மையங்கள் எட்டவில்லை என்பதைக் கண்ட டிஎன்எஸ் சர்வர்கள், தங்களுக்கு வரும் வழியை உலகத்துக்கு அறிவிக்கும் பிஜிபி அறிவிப்புகளைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டன. அப்படித்தான் அவை வடிவமைக்கப்பட்டிருந்தன. பெயருக்கு முகவரி சொல்ல ஆள் இல்லாமல்போனது. பழுது பார்க்க உதவும் உள்கருவிகளும் அதே வலையமைப்பை நம்பியிருந்ததால் அவையும் வேலை செய்யவில்லை. கடைசியில் ஆட்கள் தரவு மையத்துக்கு நேரில் போக வேண்டியிருந்தது. "அவங்க பாத்துப்பாங்க" என்றால் யார் அந்த அவங்க? வழி எப்படி அறிவிக்கப்படுகிறது, பெயர் எப்படி முகவரியாகிறது என்று தெரிந்த யாரோ சிலர். நாம் ஏன் அந்தச் சிலரில் இல்லை?

இரண்டாவது மறுப்பு புதியது. "ஏஐ கிட்ட கேட்டா சொல்லிடுமே?" சொல்லும். பத்துக் காரணங்களை அழகாக வரிசைப்படுத்தித் தரும். உங்கள் கம்பியில் நடப்பது அதில் எது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஓர் உதாரணம். விபிஎன் வழியாக பிங் போகிறது, சர்வருக்குள் நுழைய முடிகிறது, சின்னக் கோப்பு வருகிறது. பெரிய கோப்பு மட்டும் பாதியில் உறைந்து நிற்கிறது. "நெட் ஸ்லோ" என்று கேட்டால் யாராலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் வழக்கமான உச்ச அளவு 1500 பைட். விபிஎன் தன் சொந்தத் தலைப்பையும் சேர்ப்பதால் முழு அளவுப் பாக்கெட் உள்ளே அடங்காது. "பெரிசா இருக்கு, சின்னதா அனுப்பு" என்று நடுவிலுள்ள ரூட்டர் ஐசிஎம்பி செய்தி அனுப்பும். பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பியை மொத்தமாக ஃபயர்வாலில் அடைத்துவைத்த புண்ணியவான் ஒருவர் எங்காவது இருப்பார். செய்தி வராது. அனுப்புகிறவர் அதே பெரிய பாக்கெட்டை அனுப்பிக்கொண்டே இருப்பார். வயர்ஷார்க்கைத் திறந்து பாக்கெட்டுகள் திரும்பத் திரும்பப் போவதைக் கண்ணால் பார்த்தவருக்குத்தான் சரியான கேள்வியே தோன்றும்.

உண்மையில் இந்தத் துறையே அப்படிப் பார்த்தவர்களால் கட்டப்பட்டது. மைக் மூஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், வலையமைப்பில் ஏதோ விநோதமாக நடக்கிறதே என்று 1983 டிசம்பரில் எழுதிய சின்ன நிரல்தான் பிங். 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, வெறும் நானூறு கஜ தூரத்தில், வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கேரல்ஸும் ஏன் என்று தோண்டினார்கள். நெரிசலைக் கண்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் குணம் டிசிபிக்கு அங்கிருந்துதான் வந்தது. அதைப் பற்றி ஜேக்கப்சன் 1988ல் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத் தக்கது. நம் பாடத்தில் அது 'ஸ்லோ ஸ்டார்ட், வரைபடத்துடன் விளக்குக, 13 மதிப்பெண்' என்று ஆகிவிட்டது. வேகம் சரிந்தது, ஒருவர் திகைத்தது, தேடியது எதுவும் அதில் இல்லை.

ஏன் இப்படி? ஆசிரியர் பற்றாக்குறை, ஆய்வக நிதி என்று நிறையச் சொல்லலாம். என் சந்தேகம் வேறு. கையால் தொட்டுச் செய்யும் வேலை மட்டம், வாயால் ஒப்பிக்கும் வேலை உசத்தி என்ற ஏற்பாடு நம் ஊரில் கணினிக்கும் முந்தியது, கல்லூரிக்கும் முந்தியது. அதன் வேர் எங்கே என்று இந்த வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோடு எழுதுகிறவர் 'பொறியாளர்'. சர்வர் அறையில் தரையில் உட்கார்ந்து ஆர்ஜே45 கிரிம்ப் செய்கிறவர் 'நெட்வொர்க் பையன்', நாற்பது வயதானாலும் பையன்தான். இந்த அடுக்குதான் ஓஎஸ்ஐ அடுக்கைவிட நமக்கு நன்றாக மனப்பாடமாகியிருக்கிறது. ஆய்வகத் தேர்விலும் இதே கதை. ரெக்கார்டு நோட்டில் கட்டம் கட்டி எழுதிய வெளியீடு, சீனியரின் நோட்டிலிருந்து வருடாவருடம் இறங்கி வருகிறது. ஒரு பாக்கெட்டும் எங்கும் போயிருக்காது. கையெழுத்து மட்டும் விழுந்திருக்கும்.

இந்த ஓட்டையில்தான் பயிற்சி மையங்கள் கடை விரிக்கின்றன. கல்லூரி ஒப்பிக்கவைத்தது போதாதென்று, சான்றிதழ்த் தேர்வின் கேள்விகளை 'டம்ப்' என்ற பெயரில் கையில் கொடுத்து அதையும் ஒப்பிக்கவைக்கும் இடங்கள் உண்டு. அப்பா நகையை அடகுவைத்துக் கட்டிய பணத்துக்குச் சான்றிதழ் கிடைக்கும். நேர்காணலில் 169.254க்கு அந்தப் பிள்ளை அதே மாதிரி அமைதியாக உட்கார்ந்திருக்கும். நல்ல வீட்டுப் பிள்ளைக்கு வேறு வழிகள் கிடைத்துவிடும். கிராமத்திலிருந்து, தமிழ் வழியில் படித்து வந்தவருக்கு இது ஒரே வாய்ப்பாக இருக்கும். அதனால்தான் இந்த ஏமாற்று எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஆங்கிலம் சரளமாக வராதவரும் ஜெயிக்கக்கூடிய துறை இது. பாக்கெட் உங்கள் உச்சரிப்பைப் பார்ப்பதில்லை.

"லேப் வெச்சா செலவாகும்" என்பார்கள். லினக்ஸ் ஏற்றிய ஒரு பழைய லேப்டாப் போதும். நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் என்ற வசதியில் அதற்குள்ளேயே மூன்று தனிக் கணினிகளை உருவாக்கி, கற்பனைக் கேபிளால் இணைத்து, நடுவிலிருப்பதை ரூட்டராக்கி, பாக்கெட் கடந்துபோவதை டிசிபிடம்ப்பில் பார்க்கலாம். செலவு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. நிஜக் கேபிள்தான் வேண்டும் என்றால் சென்னை ரிச்சி தெருவில் பழைய ஸ்விட்ச் கிடைக்கும்.

தேர்வையும் மாற்றுவது எளிது. மூன்று கணினி, ஒரு ஸ்விட்ச், ஒரு ரூட்டர். மாணவர் உள்ளே வருவதற்கு முன் ஆசிரியர் ஒன்றைக் கெடுத்துவைக்க வேண்டும். ஒரு மாஸ்க்கை மாற்றலாம், கேட்வேயை அழிக்கலாம், டிஎன்எஸ் முகவரியில் ஓர் எண்ணைத் திருப்பலாம். முக்கால் மணிநேரம். எது கெட்டிருக்கிறது, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மாணவர் தமிழிலோ ஆங்கிலத்திலோ சொல்லட்டும். இந்தத் தேர்வை எந்த சீனியர் நோட்டிலிருந்தும் காப்பியடிக்க முடியாது.

ஆனால் இதை நடத்த, கெடுத்துவைத்ததைத் திரும்பச் சரிசெய்யத் தெரிந்த ஆசிரியர் வேண்டும். துறைத்தலைவர்கள் தயங்குவது அதற்காகத்தான் என்றால், அதையாவது வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். சர்வர் அறையில் இருக்கும் அந்த அட்மின் அண்ணனை ஒரு செமஸ்டருக்கு வகுப்பெடுக்கக் கூப்பிடலாம். அவருக்கு எம்.இ. இல்லை என்பீர்கள். எனக்கும் தெரியும்.