‘வீண்’ என்ற சொல்லை அடித்துவிடுங்கள்

தூத்துக்குடி மாவட்ட ஆட்சித் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவன் நான். மாதந்தோறும் தங்கள் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு அவ்வப்போது வந்து, பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போவேன். மனு கொடுத்துப் பழக்கமில்லை. இப்போது எழுதுவது ஒரு சொல்லைப் பற்றிய புகார்.

“தாமிரபரணித் தண்ணீர் கடலுக்கு வீணாகப் போகிறது.” கூட்டத்தில் யாராவது எழுந்து இதைச் சொல்லாமல் இருந்ததில்லை. மேடையிலிருக்கும் அதிகாரிகள் தலையசைப்பார்கள். மறுநாள் பத்திரிகையில் அதுவே தலைப்பாக வரும். நானும் வருஷக்கணக்கில் இதே பேச்சைப் பேசியவன்தான். அந்தச் சொல் என் வாயிலிருந்து போனது எங்கள் கிணற்றால்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. எங்கள் கொடிக்காலில் அகத்தி பச்சையாக நிற்க, அதில் படர்ந்த வெற்றிலை மட்டும் ஓரம் கருகி வந்தது. பூச்சி என்று நினைத்து மருந்துக்கடைக்குப் போய்வந்தோம். அப்பா கிணற்றில் ஒரு வாளி இறைத்து, உள்ளங்கையில் ஏந்தி வாயில் வைத்தார். உடனே துப்பினார். “கரிக்குடா” என்றார். வேறொன்றும் பேசவில்லை.

அந்த வாரம் முக்காணி டீக்கடையில் புன்னைக்காயல் மீனவர் ஒருவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை. “ஆத்துல தண்ணி தள்ளாட்டா கடல் உள்ள ஏறத்தான செய்யும், அண்ணாச்சி” என்றார். ஐம்பது வருஷமாக விவசாயம் பார்க்கும் குடும்பத்துக்கு ஆற்றைப் பற்றி ஒரு மீனவர் பாடம் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் சொன்னதை அப்புறம் நானே படித்தும் பார்த்தும் புரிந்துகொண்டேன். உப்புநீர் கனமானது, நன்னீர் லேசானது. முகத்துவாரத்தில் ஆற்றுநீர் மேலாக வழிந்து கடலுக்குள் போகும்போது, கடல்நீர் அதற்கு அடியில் ஆப்பு இறக்கியதுபோல் உள்ளே நுழையப் பார்க்கும். ஆற்றுக்கு வேகம் இருக்கும்வரை அந்த ஆப்பு முகத்துவாரத்தோடு நிற்கும். ஆறு ஓய்ந்தால் அது மேலே ஊர்ந்து வரும். ஆற்றுப் படுகையிலிருந்து நிலத்தடிக்கும், அங்கிருந்து எங்கள் கிணற்றுக்கும் வரும். ஆற்றில் மணல் அள்ளிப் படுகை தாழ்ந்துவிட்டால் இன்னும் சுலபமாக வரும். நன்னீரைப் பிடித்துவைத்துக் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதும் அந்த மணல்தான். ஸ்ரீவைகுண்டத்துக்காரரான தோழர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில், 2010-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. அன்று அவர் மணலைக் காப்பாற்றினார் என்று நினைத்தோம். எங்கள் வெற்றிலையையும் சேர்த்துத்தான் காப்பாற்றினார்.

2023-இல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். அந்த வெற்றிலையின் காரமும் மணமும் இந்தத் தண்ணீரிலிருந்து வருவது என்று ஊரில் எல்லோரும் சொல்வோம். அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு, கடலைத் தள்ளி நிறுத்துவதற்காகக் கடலுக்கே போயாக வேண்டும் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறோம்.

விவசாயியின் கணக்கு இது. மீனவரின் கணக்கு இன்னும் பெரிது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் மயிரிழை பருமனில் ஏற்றத்தோடு கழிமுகத்துக்குள் வந்து சேரும். உப்பும் நன்னீரும் கலந்த அந்தச் சேற்றுத் தண்ணீரில், அலையாத்தி வேர்களுக்கிடையே சில மாதம் ஒளிந்து, தின்று, வளர்ந்து திரும்பக் கடலுக்குப் போகும். மடவைக்கும் கொடுவாவுக்கும் சேற்று நண்டுக்கும் இதுவே பிள்ளை வளர்க்கும் இடம். புன்னைக்காயலில் வற்றத்தின்போது படகில் போய்ப் பார்த்தால், அலையாத்தி மரத்தைச் சுற்றிச் சேற்றில் யாரோ பென்சில்களை நட்டுவைத்ததுபோல் மூச்சுவேர்கள் நிற்பது தெரியும். ஒவ்வொரு வேரிலும் சேறு படிந்திருக்கும். ஆறு கொண்டுவரும் வண்டலை இங்கேயே பிடித்துக்கொள்வது அந்த வேர்களின் வேலை. அவை பிடிக்காவிட்டால், வண்டல் வெளியே மன்னார் வளைகுடாவின் கடல்புல்லிலும் பவளப் பாறையிலும் போய்ப் படியும். 21 தீவுகளோடு 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தக் கடலுக்கு இந்தக் காடு ஒரு வடிகட்டி.

நம் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: புன்னைக்காயல், பழையகாயல், காயல்பட்டினம். காயல் என்றாலே ஆறும் கடலும் கலந்து நிற்கும் நீர்தான். பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலைவிட்டு சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கிறது. ஆறு வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கரையை வெளியே தள்ளிவிட்டது. கொற்கை தூர்ந்தபின் காயல் எழுந்தது. மார்க்கோ போலோ எழுதிய துறைமுகம் அது. அதுவும் தூர்ந்தபின் புன்னைக்காயல். கடலுக்குப் போன தண்ணீரும் வண்டலும் போட்டுக் கொடுத்த நிலத்தில் நின்றுகொண்டு, அதை வீண் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நடுவெள்ளத்தில் நின்றது. ஏரல் துண்டிக்கப்பட்டது. அந்த இரவில் மொட்டைமாடியில் குந்தியிருந்த எங்களில் ஒருவர்கூட, தண்ணீர் கடலுக்கு வீணாகப் போகிறதே என்று சொல்லவில்லை. சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தோம். முகத்துவாரம் திறந்து அகலமாக இருப்பதும், பக்கத்துச் சதுப்பு நிலம் மேடாக்கப்படாமல் இருப்பதும் எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்று கூரையிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அணை வேண்டாம், கால்வாய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இந்த ஆற்றில் உண்டு. நாங்கள் சாப்பிடும் சோறு அவற்றால் வந்தது. கன்னடியன் அணைக்கட்டிலிருந்து வெள்ளநீரைச் சாத்தான்குளம், திசையன்விளை வறண்ட காட்டுக்குக் கொண்டுபோகும் கால்வாயும் நல்லதே. பெருவெள்ளத்தில் ஒரு பங்கைத் திருப்பலாம். கோடையில் ஓடும் மெல்லிய ஓட்டத்தை முழுக்க நிறுத்திவிடுவது வேறு விஷயம்.

இன்னொன்று. கழிமுகம் என்பது புன்னைக்காயலோடு முடிகிற இடமல்ல, பொதிகையில் தொடங்குவது. பாபநாசத்தில் பரிகாரம் செய்தவர்கள் பாவம் போகட்டும் என்று உடுத்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். 2023 வெள்ளம் வடிந்த பிறகு புன்னைக்காயலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் பக்கத்தில் நான் நின்றேன். மடவை நாலைந்து, சேறு, அவற்றோடு சுருண்டு கிடந்த ஒரு காவிக்கரை வேட்டி. எந்த ஊரில் யார் விட்டதோ. அவர் அதை உதறிப் படகோரத்தில் போட்டார். வலையில் ஒரு முழம் கிழிந்திருந்தது.

1986-க்கு முன் இந்த ஆற்றின் மலையும் முகமும் ஒரே ஆட்சியரின் கீழ் இருந்தன. அப்புறம் தூத்துக்குடி பிரிந்தது, 2019-இல் தென்காசி பிரிந்தது. சிற்றாறு இறங்குவது ஒரு மாவட்டம், அது சீவலப்பேரியில் கலப்பது இன்னொரு மாவட்டம், எல்லாம் சேர்ந்து கடலில் விழுவது தங்கள் மாவட்டம். மேலே விடும் சாக்கடைக்கும் கீழே வரும் உப்புக்கும் தனித்தனிக் கோப்பு. எங்களுக்கு ஒரு குறைதீர்க்கும் கூட்டம், மீனவர்களுக்கு வேறொரு கூட்டம். ஆறு மட்டும் ஒன்று.

ஆகவே தங்களிடம் கேட்பது சில. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே கோடையிலும் இவ்வளவு தண்ணீர் போயாக வேண்டும் என்று ஓர் அளவை நிர்ணயிக்கச் செய்யுங்கள். பாசனத்துக்கும் குடிநீருக்கும் ஆலைக்கும் பங்கு எழுதும் பட்டியலில் கழிமுகத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். முக்காணியிலும் புன்னைக்காயலிலும் தண்ணீரின் உப்பை மாதம் ஒருமுறை அளந்து ஊராட்சிப் பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள். அலையாத்திக் காட்டின் எல்லையை அளந்து கல் நடுங்கள். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் அதற்கு உச்சப் பாதுகாப்பு இருக்கிறது, நிலத்தில்தான் அடையாளம் வேண்டும். மூன்று மாவட்ட ஆட்சியர்களும் வருஷத்துக்கு ஒரு நாளாவது விவசாயியையும் மீனவரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள்.

அதற்கு முன் ஒரு சனிக்கிழமை காலை வாருங்கள். கோடையாக இருந்தால் நல்லது. ஏரல் பாலத்தடியில் ஒரு கை அள்ளி நாக்கில் வையுங்கள். அப்புறம் முக்காணியில், கடைசியாகப் புன்னைக்காயலில். எந்த இடத்தில் கரிக்கத் தொடங்குகிறது என்று நாக்கே சொல்லிவிடும். வரும் வழியில் எங்கள் கிணற்றிலும் ஒரு வாளி இறைத்துத் தருகிறேன். அதையும் பார்த்துவிட்டு, அடுத்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் “வீணாக” என்று வந்தால் தங்கள் பேனாவாலேயே அடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆத்தூர்க் கொடிக்கால்காரன் ஒருவன்