இடி விழுவது வானத்தின் வேலை! ஸ்டார்ட்டர் எரிவது யார் குற்றம்?



போன ஐப்பசியில் ஒரு ராத்திரி. ஏரிக்கரைப் பக்கம் ஒரே ஒரு இடி. விடிஞ்சு பார்த்தால் நம் சங்கத்து உறுப்பினர் மூன்று பேரின் கிணற்றடியில் ஆட்டோ ஸ்டார்ட்டர் கருகிக் கிடந்தது. கதிர் வெளிவரும் நேரத்தில் எட்டு நாள் தண்ணீர் இல்லை. புகார் சொல்லப் போன இடத்தில் கிடைத்த பதில்: "இடி விழுந்தா நாங்க என்னய்யா பண்றது? இலவச கரண்டுதானே!"

இந்த ஒரு பேச்சுக்காகத்தான் இந்தத் துண்டறிக்கை.

முதலில் "இலவசம்" என்கிறவர்களுக்குச் சொல்லுகிறோம். 1970-ல் மின்கட்டணத்தைக் குறைக்கக் கேட்டதற்காகப் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மாட்டு வண்டிகளோடு தெருவுக்கு வந்தார்கள். அதன் பிறகுதான் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், அடுத்து எல்லா விவசாயிகளுக்கும் கட்டணமில்லா மின்சாரம் வந்தது. ரத்தம் கொடுத்து வாங்கியதை யாரும் பிச்சை என்று பேச வேண்டாம்!

சரி, இடிக்கு மருந்து இல்லையா? இருக்கிறது. எஸ்.பி.டி. என்று ஒரு சின்னப் பெட்டி. திடீர் மின் எழுச்சித் தடுப்பான். கம்பத்துக் கம்பி பக்கத்தில் இடி இறங்கினால் போதும், கம்பியில் பல ஆயிரம் வோல்ட் ஒரு நொடிக்கும் மிகமிகக் குறைந்த நேரம் பாயும். மீட்டர் பக்கத்துச் சாமான் 6,000 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்படுகிறது. வீட்டுச் சாமான் 2,500 வோல்ட். நுட்பமான மின்னணுச் சாமான் 1,500 வோல்ட்தான். அதற்கு மேல் வருவதை எஸ்.பி.டி. எர்த்துக்குத் திருப்பி விடுகிறது. அவ்வளவுதான் வேலை.

இது யாருக்குக் கட்டாயம், யாருக்கு வேண்டாம்? அதற்கும் விதி இருக்கிறது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60364 என்ற விதித்தொகுப்பில் 443-வது பிரிவு, 2015-ல் திருத்தப்பட்டது. நம் நாட்டின் ஐ.எஸ். 732 விதியும் 2019-ல் உலக விதியை ஒட்டியே திருத்தி எழுதப்பட்டது. அந்த 443-வது பிரிவு என்ன சொல்கிறது?

உயிருக்கு ஆபத்து வரும் இடம், பொதுச்சேவை நடக்கும் இடம், தொழில் வணிகம் நடக்கும் இடம், கூட்டமாக ஜனங்கள் இருக்கும் இடம் - இவற்றுக்கு எந்தக் கணக்கும் பார்க்காமல் போட்டே ஆக வேண்டும். தொழில் வணிகத்துக்கு உதாரணம் சொல்லும் இடத்தில் ஓட்டல், வங்கி, தொழிற்சாலை, சந்தை என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் ஒரு சொல் வருகிறது: பண்ணை! ஆம், விவசாயப் பண்ணை! சோழிங்கநல்லூர் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு எந்தப் பிரிவில் கட்டாயமோ, அதே பிரிவில் நம் கிணற்றடிக்கும் கட்டாயம். ரெண்டு ஏக்கர்காரனுக்கு அந்த ரெண்டு ஏக்கர்தான் பண்ணை, அதுதான் தொழிற்சாலை!

மற்ற இடங்களுக்கு, அதாவது வீடுகளுக்கு, ஒரு கணக்கு. நகரம் என்றால் 850, கிராமமும் புறநகரும் என்றால் 85. அதை மின்பாதையின் நீளத்தாலும், ஒரு சதுர கிலோமீட்டரில் வருஷத்துக்கு விழும் இடியின் எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். விடை ஆயிரத்துக்குக் கீழே வந்தால் எஸ்.பி.டி. வேண்டும். கம்பத்துத் தாழ்வழுத்தக் கம்பி என்றால் நீளம் இரட்டிப்பு. உயரழுத்தக் கேபிள் மண்ணுக்குள் போனால் ஐந்தில் ஒரு பங்கு.

நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கம்பத்துக் கம்பி ஒரு கிலோமீட்டர், இரட்டிப்பாக 2. வருஷத்துக்கு ஒரு இடி. 85-ஐ 2-ஆல் வகுத்தால் நாற்பத்திரண்டரை! பத்து வருஷத்துக்கு ஒரே இடி என்று வைத்தாலும் 425-தான். நகரத்தில் 100 மீட்டர் தாழ்வழுத்தக் கேபிள், 900 மீட்டர் உயரழுத்தக் கேபிள், எல்லாம் மண்ணுக்குள் என்றால் அதே ஒரு இடிக்கு விடை 3,000-ஐத் தாண்டுகிறது. அங்கே தேவையே இல்லை. கணக்கே போடவில்லை என்றால்? அப்போதும் போட்டுவிடு என்கிறது விதி.

ஆக, விதிப்படி முதல் பந்தி நமக்கு. நடப்பில் இலைகூட நமக்குப் போடவில்லை!

ஒரு விலக்கும் வைத்திருக்கிறார்கள். தனி வீட்டின் மின் அமைப்பு மொத்த மதிப்பு எஸ்.பி.டி. விலையைப் போல ஐந்து மடங்குக்குள் இருந்தால் தேவையில்லையாம். ஏழை வீட்டு ஒரு பல்பும் ஒரு ஃபேனும் இந்த விலக்கில் அடங்கிப் போகும். சாமானின் விலையைப் பார்த்தவர்கள், அதைத் திரும்ப வாங்க அவன் எத்தனை நாள் கூலிக்குப் போக வேண்டும் என்று பார்க்கவில்லை.

"மீட்டருக்கு இந்தப் பக்கம் உங்கள் பொறுப்பு" என்பார்கள். சட்டம் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் எழுச்சி எங்கள் கிணற்றிலா பிறக்கிறது? நீங்கள் போட்ட கம்பி வழியாகத்தானே வருகிறது! பம்புசெட்டுக்கு மானியம் தரும் அரசு, அதைக் காக்கும் பெட்டிக்குத் தரக்கூடாதா?

நம்ம பக்கத்துக் குறையையும் பேசுவோம். எர்த் பைப்பு காய்ந்து கிடந்தால் எஸ்.பி.டி. வெறும் பொம்மை. அதற்குப் போகும் ஒயர், எர்த் பக்கமும் சேர்த்து, அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். சுருட்டிச் சுருட்டி விட்டால் பலன் இல்லை. பச்சை அடையாளம் சிவப்பாக மாறினால் மாற்ற வேண்டும். லோ வோல்டேஜ், ரெண்டு பேஸில் ஓடுவது, நியூட்ரல் அறுந்து 400 வோல்ட் வருவது - இதற்கெல்லாம் எஸ்.பி.டி. காவல் இல்லை. பேஸ் கோளாறுக்கு சிங்கிள் பேசிங் பிரிவென்டர் தனியாக வேண்டும். எதையாவது தலையில் கட்டும் வியாபாரியிடம் ஏமாறாதீர்கள். இடி நேரத்தில் வயலில் நிற்பவனையும் அது காக்காது. 2022-ல் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி 2,887 பேர் செத்தார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். மேகம் கறுத்தால் கரை ஏறுங்கள்.

அரசிடம் நாம் கேட்பது:

1. புது விவசாய இணைப்பு ஒவ்வொன்றிலும் எஸ்.பி.டி.யும் முறையான எர்த்தும் சேர்த்தே கொடு!

2. பழைய இணைப்புகளுக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியத்தில் மாட்டிக் கொடு!

3. சோலார் பம்பு கொடுக்கும்போது தகட்டுப் பக்கமும் மோட்டார் பக்கமும் தடுப்பான் இருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடு!

4. டிரான்ஸ்பார்மர் எர்த்தையும் அரெஸ்டரையும் சித்திரைக்கு முன்னும் ஐப்பசிக்கு முன்னும் சோதித்து, முடிவை ஊரில் ஒட்டு!

5. கூரை வீட்டுக்கும் விலக்கு வேண்டாம், பாதுகாப்பு வேண்டும்!

பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம், பொன்மார் விவசாயிகளே! எரிந்த ஸ்டார்ட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். தேதியும் சர்வீஸ் எண்ணும் எழுதி எடுத்து வையுங்கள். மின் நுகர்வோர் குறைதீர்க்கும் நாளில் எல்லோரும் அதைக் கையில் ஏந்திப் போவோம். கிராமசபையில் தீர்மானம் போடுவோம். மனு வாங்க மறுத்தால் சாலையில் உட்காருவோம்.

கேட்பது சலுகை அல்ல, விதி! கேட்போர் தனி ஆள் அல்ல, சங்கம்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம், பெரும்பாக்கம்.