விரல் மடக்கும் பிள்ளையை அதட்டாதீர்கள்

வல்வெட்டித்துறை சிதம்பராக் கல்லூரியின் பெயரில் அதன் நலன்விரும்பிகள் பிரித்தானியாவில் நடத்திவரும் கணிதப் போட்டி, புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களிடையே நன்கு அறியப்பட்டது. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெயர் கடல் கடந்தும் கணிதத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது பெருமைதான். ஆனால் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளையைத்தான் போட்டி கண்டுபிடிக்கும். கணக்கென்றாலே பயப்படும் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

'அவனுக்குக் கணக்கு ஓடாது' என்று மூன்றாம் ஆண்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வினோத் மேனன் குழுவினர் 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளைக் கணக்குச் செய்யவைத்து மூளையை ஸ்கான் செய்தார்கள். 2012இல் வெளியான முடிவின்படி, கணிதப் பயம் கூடிய பிள்ளைகளில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா மிகையாக இயங்கியது. கணக்கைச் சிந்திக்கும் பகுதிகளின் இயக்கம் குறைந்திருந்தது. நுண்ணறிவில் அவர்கள் மற்றவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர்.

அந்த நிலை மாறக்கூடியது என்பதையும் அதே குழு 2015இல் காட்டியது. எட்டு வாரம் ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று கற்பித்தபின் பயந்த பிள்ளைகளின் அமிக்டலா அடங்கியது. கணிதக் கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளின் மூளை இயக்கமும் சக மாணவர்களுடையதை ஒத்துவந்தது. சிறு குழுக்களில் செய்த ஆய்வுகள்தான் இவை. ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை ஸ்கான் சொல்லாது. ஆனால் மூன்றாம் ஆண்டில் தீர்ப்பெழுத நமக்கு உரிமையில்லை என்பதை இவை தெளிவாகச் சொல்கின்றன.

ஏழும் எட்டும் எத்தனை என்று கேட்டதும் ஒரு பிள்ளை மேசைக்குக் கீழே விரல் மடக்குகிறது. 'இன்னும் விரலோ?' என்று அதட்டினால் எண்ணிக்கை தவறிவிடுகிறது. எண்ணி எண்ணித்தான் விடை நினைவில் படிகிறது. எண்ணுவதிலிருந்து நினைவுக்குச் செல்லும் அந்த மாற்றத்தில் மூளையின் ஹிப்போகாம்பஸ் பங்கெடுப்பதை 2014இல் அதே குழு கண்டது. விரல் மடக்குவது கற்றலின் ஒரு படி, குற்றமல்ல.

சிறுவயதுப் பயம் தொடர்ந்து சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறினால் உயர்தரத்துக்கான வழமையான பாதை பெரும்பாலும் அடைபடுகிறது. அந்தச் சறுக்கலை ரியூசன் கொட்டிலின் நெரிசலில் சரிசெய்ய முடியாது. உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கணிதத்துக்கு வாரி வழங்கும் புலம்பெயர் உறவுகள் அவர்களுக்குப் பயிற்சியும் ஊக்கப்பணமும் கொடுத்து, மூன்றாம் ஆண்டில் தடுமாறும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொருவராகத் துணைவைக்கட்டும். பரிசளிப்பு மேடைக்கு வராத பிள்ளைக்கும் ஊரின் கணிதப் பெருமையில் பங்கு உண்டு.