மேடையில் ஒருவர், தெருவில் ஆயிரம் பேர்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா ஹவுஸைப் படங்களில் பார்த்திருப்போம். முகப்பில் ஐந்து உயரமான வளைவுகள், உள்ளே மார்க் ஷகாலின் இரண்டு பெரிய ஓவியங்கள், ஆஸ்திரியா பரிசளித்த படிக விளக்குகள், சுமார் 3,800 இருக்கைகள். அழகுதான். ஆனால் இப்படியொரு கட்டடத்தைப் பார்க்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. உள்ளே யாரை விட்டார்கள்? இதைக் கட்ட யாரை வெளியேற்றினார்கள்?

இந்நிறுவனத்தின் முதல் அரங்கம் 1883இல் பிராட்வேயில் திறக்கப்பட்டது. பழைய பணக்காரர்களின் அரங்கில் தனி மாடம் கிடைக்காத புதுப் பணக்காரர்கள் கட்டியது அது. எனவே மாடங்களே அதன் உயிர். குதிரை லாட வடிவில் வளைந்த அந்த வரிசையில் உட்கார்ந்தவர்களை அரங்கமே பார்க்கும். மேல்தளத்தின் ஓரங்களில் மலிவு டிக்கெட்டில் உட்கார்ந்தவர்களுக்கோ மேடையே சரியாகத் தெரியாது. யாருக்கு எந்த இடம் என்று பலகை மாட்டத் தேவையில்லை. கட்டடமே சொல்லிவிடும்.

அந்த மேடையில் பாத்திரமேற்றுப் பாட ஒரு கறுப்பினத்தவருக்கு 71 ஆண்டுகள் ஆயின. 1955 ஜனவரியில் மரியன் ஆண்டர்சன் பாடியபோது அவருக்கு வயது 57. உலகமே கொண்டாடிய குரலை, அதன் உச்ச காலம் கடந்த பிறகே உள்ளே விட்டார்கள்.

இப்போதுள்ள அரங்கத்தின் கதை இன்னும் கசப்பானது. அது நிற்கும் லிங்கன் சென்டர் வளாகம் எழுந்த இடம் சான் ஹுவான் ஹில். கறுப்பினத்தவரும் புவேர்ட்டோ ரிக்கோ மக்களும் வாழ்ந்த பகுதி. ஜாஸ் கலைஞர் தெலோனியஸ் மங்க் வளர்ந்த பகுதி. 1950களில் ராபர்ட் மோசஸ் தலைமையிலான நகரச் சீரமைப்புத் திட்டம் அதைச் சேரி என்று முத்திரை குத்தியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்புறப்படுத்தப்பட்டன. அருகில் எழுந்த புதிய அடுக்குமாடிகளின் வாடகை அவர்களுக்கு எட்டவில்லை. இந்தக் கதை நமக்குப் புதிதா தோழர்களே?

1966 செப்டம்பர் 16 அன்று புதிய அரங்கம் திறந்தது. முதல் இரவின் கதாநாயகி லியோன்டின் பிரைஸ், கறுப்பினப் பாடகி. அது பெரும் வெற்றி. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர் பாடிய மண்ணிலிருந்து அவருடைய மக்களே விரட்டப்பட்டிருந்தார்கள். ஒரு கறுப்பின இசையமைப்பாளரின் ஓபராவை, டெரன்ஸ் பிளான்சார்டின் படைப்பை, அந்நிறுவனம் மேடையேற்றியது 2021இல்தான்.

மேடையில் நம்மில் ஒருவர் நிற்பது உரிமை. ஆனால் அந்த ஒருவரைக் காட்டி, தெருவுக்குத் தள்ளப்பட்டவர்களை மறக்கச் சொன்னால் ஏற்கக் கூடாது. பிரதிநிதித்துவமும் வேண்டும், நிலமும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பறிப்பதற்குப் பெயர் நீதி அல்ல.