கார்னிவல் இணையதளம் யாருக்காக?

டிசம்பர் பிறந்துவிட்டால் கோட்டைக் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் கார்னிவல் பேச்சுதான். தெருவில் தோரணம் ஏறுவதற்கு முன்பே கைபேசியில் அறிவிப்பு ஏறிவிடுகிறது. முன்பு சுவரொட்டி செய்த வேலையை இன்று இணையதளம் செய்கிறது. விழா எங்கே, எந்த நேரம், எப்படிப் போவது, யார் தொடங்கியது என்று உலகத்துக்குச் சொல்லும் பொறுப்பு அதனிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆகவே கொச்சின் கார்னிவலின் இணையதளத்தை எப்படித் திருத்தி அமைப்பது என்பது கணினி தெரிந்த நாலு பேர் மட்டும் தீர்மானிக்கும் விஷயமல்ல. இவ்வூரில் வாழும் எல்லோரும் வாய்திறக்க வேண்டிய விஷயம். தமிழர்களாகிய நாமும் வாய்திறக்கிறோம்.

முதலில் விழாவின் பிறப்பைப் பார்ப்போம். 1985-ஆம் ஆண்டை அனைத்துலக இளைஞர் ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருந்தது. அதையொட்டி 1984-இல் இவ்வூர் இளைஞர்கள் தொடங்கிய கொண்டாட்டமே இன்றைய கார்னிவல். போர்த்துக்கீசியர் காலத்துப் புத்தாண்டு வழக்கத்தின் நினைவும் அதில் கலந்தது. டிசம்பர் 31 நள்ளிரவில் 'பப்பாஞ்ஞி' என்னும் கிழவர் உருவத்தை எரித்துப் பழைய ஆண்டை அனுப்புகிறார்கள்; ஜனவரி 1 அன்று ஊர்வலம் போகிறது. எந்த அரசனும் மானியம் கொடுத்துத் தொடங்கிய விழா அல்ல இது. எந்த ஒரு மதத்துக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததும் அல்ல. அதனால்தான் எல்லோருக்கும் சொந்தமாயிற்று.

அந்த 'எல்லோரும்' யார்? கொங்கணி பேசுவோர், குஜராத்தி பேசுவோர், கச்சிக்காரர், உருது பேசுவோர், ஆங்கிலோ இந்தியர், தமிழர் எனச் சில சதுர மைல்களுக்குள் பல மொழிகள் வாழும் ஊர் இது. வேளியில் உள்ள தோபிகானாவைப் பாருங்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடுப்புகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் தம் முன்னோர் என்பது அங்குள்ள வண்ணார் குடும்பங்களிடம் வழங்கும் வரலாறு. இன்றைய துறை 1976-இல் கட்டப்பட்டது. கல்லில் அடித்து, கஞ்சி போட்டு, முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணிமுனையைச் செருகிக் காயவிடும் அந்தக் கைகள்தான் விடுதிகளின் விரிப்புகளையும் வெளுத்துத் தருகின்றன. விருந்தாளி அங்கே போய்ப் படம் எடுக்கிறார். படத்தில் இருப்பவருக்குப் பெயர் இல்லை, வரலாறும் இல்லை, வேடிக்கைப் பொருளாகிவிடுகிறார்.

இணையதளமும் அந்த விருந்தாளியின் கண்ணோடுதான் பார்க்கப் போகிறதா என்பதே நம் கேள்வி. பெரிய பெரிய படங்கள், பளபளக்கும் வாசகங்கள், ஆங்கிலத்தில் நாலு வரி வருணனை என்று அமைந்தால் அது விடுதிக்காரர்களின் விளம்பரப் பலகை ஆகுமே தவிர, ஊரின் பக்கம் ஆகாது.

மட்டாஞ்சேரி உழைப்பாளிகளுக்கு ஒரு பழைய பாடம் நினைவிருக்கும். துறைமுகத்தில் ஒரு காலத்தில் 'சாப்பா' முறை இருந்தது. வேலைக்குக் கூடிநின்ற கூட்டத்தின் நடுவே கங்காணி உலோக வில்லைகளை வீசி எறிவான். முட்டி மோதிப் பிடித்தவனுக்கு அன்று வேலை; பிடிக்காதவன் வீட்டில் பட்டினி. அந்த அநியாயத்தை எதிர்த்த போராட்டத்தில்தான் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. மூன்று தொழிலாளர் உயிர் கொடுத்தனர். வேலை வேறு, செய்தி வேறு. ஒப்பிட முடியாது என்பீர்கள். ஆனால் ஆங்கிலம் தெரிந்தவன், விலையுயர்ந்த கைபேசி வைத்திருப்பவன் மட்டுமே பிடித்துக்கொள்ளும்படி ஒரு பொதுச் செய்தியை வீசுவதும் அதே சுபாவம்தான்.

செய்தி கிடைக்காவிட்டால் என்ன நட்டம்? 2024 டிசம்பர் 26-இல் முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங் காலமானார். நாடெங்கும் துக்கம் அனுசரிக்கப்பட்டது. பரேடு மைதானத்துப் பப்பாஞ்ஞி எரிப்பும் ரத்தாயிற்று. வேளி மைதானத்து உருவத்தைப் பற்றியோ உயர்நீதிமன்றம் வரை வழக்குப் போயிருந்தது. இப்படிக் கடைசி நேரத்தில் எல்லாம் மாறும்போது, கடலையும் பலூனும் கடன் வாங்கிச் சரக்கெடுத்த தெருவோர வியாபாரிக்கு முதலே போய்விடும். பெருங்கூட்டத்தில் பிள்ளையைக் கைப்பிடித்து வரும் தாய்க்கு, எந்தச் சாலை அடைப்பு, கடைசிப் படகு எப்போது என்று தெரியாவிட்டால் நடுராத்திரியில் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

ஆகவே கார்னிவல் கமிட்டியாரின் முன் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. மலையாளமும் ஆங்கிலமும் இருக்கும் இடத்தில் தமிழும் இருக்கட்டும். இயந்திரம் பெயர்த்ததை அப்படியே போடாமல், ஊர்த் தமிழர் ஒருவர் படித்துத் திருத்தியதாக இருக்கட்டும். கொங்கணி, குஜராத்தி முதலிய மொழியினர் கேட்டால் அவர்களுக்கும் இதே உரிமை உண்டு.

2. அறிவிப்பைப் படமாக மட்டும் போடாமல் எழுத்தாகவே போட வேண்டும். அப்போதுதான் பழைய கைபேசியிலும் திறக்கும், தேடினால் கிடைக்கும், பார்வையற்றோரின் கருவியும் வாசித்துச் சொல்லும்.

3. நிகழ்ச்சி மாற்றம் எதுவானாலும், அறிவித்த நாளும் மணியும் குறித்து, பக்கத்தின் தலையிலேயே நிற்க வேண்டும்.

4. வைப்பின் ஜங்கார், படகு, பேருந்து நேரங்கள், சாலை அடைப்பு, கழிப்பிடம், முதலுதவி, காணாமற்போன குழந்தைகளை ஒப்படைக்கும் இடம் ஆகியவை முதல் பக்கத்திலேயே வர வேண்டும்.

5. தெருக்கடை போட யாரிடம் மனு கொடுப்பது, கட்டணம் எவ்வளவு என்பது வெளிப்படையாக இருக்க வேண்டும். இடைத்தரகனுக்கு அங்கே வேலை இருக்கக் கூடாது.

6. வரலாற்றுப் பக்கத்தில் ஊரின் எல்லாச் சமூகங்களும் அவர்களின் உழைப்பும் இடம்பெற வேண்டும். படத்தில் இருப்பவரின் சம்மதம் பெற்றே படம் போட வேண்டும். தளத்தைப் புதுக்கும்போது பழைய ஆண்டுகளின் பக்கங்களை அழிக்கக் கூடாது.

"தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கும் உங்களுக்கு மலையாளம் தெரியாதா?" என்று சிலர் கேட்பார்கள். தெரியும். நம் பிள்ளைகள் மலையாளத்தில் படிக்கிறார்கள். மலையாளத்துக்கு முதலிடம் கொடுப்பதில் நமக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஆனால் பேசத் தெரிந்த எல்லோருக்கும் எழுத்து வாசிக்க வருமா? நேற்று தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புக்கு வந்தவன் என்ன செய்வான்? 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமே, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள வழி வைத்திருக்கிறது. அரசு அலுவலகத்தில் செல்லும் மொழி, ஆடிப்பாடும் விழாவில் செல்லாதா?

செலவாகும் என்றும் சொல்வார்கள். கண்ணைப் பறிக்கும் அலங்காரத்துக்குத்தான் செலவு அதிகம். தெளிவாக எழுதிய பக்கத்துக்குக் குறைவு. மொழிபெயர்க்கவும் பிழை பார்க்கவும் நம்மிடையே ஆசிரியர்களும் படித்த பெண்களும் இருக்கிறார்கள். கூலி கேட்காமல் அந்த வேலையைச் செய்ய முன்வருவது நம் கடமை.

தோழர்களே, கேட்காமல் எதுவும் கிடைத்ததில்லை. விழா நெருங்கும்வரை காத்திராமல், இப்போதே தெருவுக்கொருவராகக் கையெழுத்திட்டு மனு கொடுப்போம். மனுவைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுவோம். கார்னிவலில் நாம் கூட்டமாக நின்றால் போதாது. அதன் பக்கத்தில் பெயரோடும் மொழியோடும் நிற்க வேண்டும்.