வடிகட்டிக்கு முன் கிணற்றைச் சோதிப்போம்

“நனோ” என்ற பெயருடன் நீர் வடிகட்டிகள் சந்தைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளம், கற்பிட்டிக் கரையில் தோட்டம் செய்து வாழும் குடும்பங்கள் இவற்றை வாங்கலாமா? வாங்குமுன் கிணற்று நீரைச் சோதிக்க வேண்டும் என்பதே எமது கருத்து.

நனோமீற்றர் என்பது ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. இந்த நுட்பத்துக்கு உதவும் மூலப்பொருளொன்று நமது மாவட்டத்துச் சிரட்டைதான். சிரட்டையைக் காற்றுக் குறைவாகச் சுட்டுக் கரியாக்கி, ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் நீராவி செலுத்தினால், கரிக்குள் 2 நனோமீற்றருக்கும் சிறிய எண்ணற்ற துளைகள் திறக்கும். மாதம்பையில் இத்தகைய கரி தயாராகி ஏற்றுமதியாகிறது. அதனை வெள்ளி உப்புக் கரைசலில் ஊறவைத்து, அந்த உப்பை மீண்டும் உலோகமாக்கினால், நுண்ணிய வெள்ளித் துகள்கள் கரியின்மேல் படியும்.

கரி பூச்சிமருந்தையும் நாற்றத்தையும் பிடிக்கும். வெள்ளி கிருமிகளைக் கொல்லும். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பிரதீப் குழுவினர் வெள்ளி நுண்துகள்களால் நீரிலுள்ள பூச்சிமருந்தை நீக்க வழி கண்டனர். 2009இல் டாட்டா நிறுவனம் உமிச் சாம்பலில் வெள்ளி படியவைத்த, மின்சாரம் வேண்டாத வடிகட்டியை இந்தியாவில் விற்பனைக்கு விட்டது. ஏழை வீடுகளுக்கு இது நன்மையே.

ஆனால் கற்பிட்டியின் பெரிய பிரச்சினை வேறு. மணல் நிலத்தில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடும் யூரியா, நைத்திரேற்றாக மாறி நிலத்தடி நீரில் இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். இங்குள்ள பல கிணறுகள் அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் வலுவை இழக்கலாம். கரியோ வெள்ளியோ நைத்திரேற்றை நீக்காது. கொதிக்க வைத்தால் அது இன்னும் செறிவாகும். நீர் உவர்த்திருந்தால் உப்பிலுள்ள குளோரைட்டு வெள்ளியைப் பிணைத்து அதன் வலுவையும் குறைக்கும்.

ஆகவே கிராமச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நைத்திரேற்று, உவர், கிருமி மூன்றையும் சோதித்து எழுத்தில் தருமாறு கேட்க வேண்டும். கிருமி மட்டுமே குறையென்றால் கொதிக்க வைத்தல் போதும், வடிகட்டியும் உதவும். நைத்திரேற்று மிகுந்தால் குழந்தைகளுக்கு வேறு நீர் வேண்டும். குழாய் நீரையோ ஆர்.ஓ. நிலையத்தையோ பெற்றுத்தருவது தனி வீட்டின் சுமையன்று. பிரதேச சபை முன்னின்று செய்யவேண்டிய பணி. பசளையை அளவோடு, பல தடவையாகப் பிரித்து இடுவது நம் கையில் உள்ளது.

சோதனைத் தாள் கைக்கு வந்த பின் வடிகட்டியின் விலையைப் பேசலாம்.