மந்தார நாளும் நல்ல நாளே!

வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்தால், “இன்று படம் வேண்டாம், வெயில் வரட்டும்” என்று சொல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வகுப்புப் படமானாலும் வீட்டு விசேஷமானாலும் கதிரவனுக்காகக் காத்து நிற்கிறோம். இந்த வழக்கம் இனி வேண்டியதில்லை என்பதே பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் கருத்து. அதிலும், பரணில் உறங்கும் பழைய பெட்டிக் கேமராவில் 120 பிலிம் போட்டு எடுப்போருக்கு மந்தார நாளே ஏற்ற நாள் என்போம்.

வெயில் வேண்டும் என்ற விதி எப்படி வந்தது? 1900ஆம் ஆண்டில் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் பிரௌனி என்னும் பெட்டிக் கேமராவை ஒரு டாலருக்கு விற்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் 120 பிலிம் வந்தது. அக்காலத்துப் பிலிம்கள் ஒளியை மெதுவாகவே வாங்கின. கேமராவின் துவாரமும் சிறியது. ஆகவே, “சூரியன் உன் முதுகுப் பக்கம் இருக்கட்டும்” என்றார்கள். எடுப்பவரின் முதுகில் வெயில் என்றால், எதிரே நிற்பவரின் கண்ணில் அல்லவா வெயில்! பழைய ஆல்பங்களைப் புரட்டுங்கள். நம் பாட்டிமார் பலர் கண்ணைச் சுருக்கி, முகம் சுளித்து நிற்பார்கள். அவர்கள் கோபக்காரர்கள் அல்லர். வெயிலைப் பார்த்து நிறுத்தப்பட்டவர்கள்.

இன்றைய நிலை வேறு. கணக்கைப் பாருங்கள். 100 வேகமுள்ள பிலிமுக்கு நல்ல வெயிலில் எஃப் 16 துவாரமும் 1/100 நொடியும் போதும். மந்தாரத்தில் ஒளி ஏறத்தாழ கால் பங்காகும். எனவே எஃப் 8 துவாரம் வேண்டும். பெட்டிக் கேமராவில் துவாரம் எஃப் 11, ஷட்டர் 1/50 நொடி என்று வைத்துக்கொள்வோம். துவாரத்தில் குறையும் ஒளியை நேரம் ஈடுசெய்கிறது. இரண்டும் ஒன்றே! வானம் மேலும் இருண்டால் 400 வேகப் பிலிம் போடலாம். இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸ், கோடாக் ட்ரை-எக்ஸ் ஆகியவை இன்றும் 120 அளவில் தயாராகின்றன. மேகம் தவழும் உதகமண்டலத்திலேயே 1967 முதல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் தயாரித்தது என்பதையும் நினைவுகூர்வோம். அந்த ஆலை இன்று இயங்கவில்லை.

கணக்கைவிடப் பெரிது முகம். உச்சி வெயில் கண்குழியில் கருநிழலையும் நெற்றியில் வெள்ளைத் திட்டையும் உண்டாக்கும். மேகமோ வானம் முழுவதையும் ஒரே விளக்காக்கிவிடுகிறது. கறுப்பு, மாநிறம், சிவப்பு என எந்த நிறத்தவரும் தத்தம் நிறத்தில் தெளிவாகத் தெரிவர். எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில், பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3 ஒன்று இருந்தது. ஐப்பசி மாதத்து மந்தாரத்தில் அவள் தன் ஆச்சியைத் திண்ணையில் அமர்த்திப் படமெடுத்தாள். ஆச்சியின் கன்னச் சுருக்கம் ஒவ்வொன்றும் அதில் இருக்கிறது. கண்கள் நன்றாகத் திறந்திருக்கின்றன. “நான்தானா இது?” என்று ஆச்சி கேட்டாராம்!

இதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. ஷட்டர் மெதுவானது, கேமராவை மார்போடு அணைத்தோ சுவரில் சாய்த்தோ பிடித்து, மூச்சடக்கி அழுத்த வேண்டும். வெளுத்த வானம் படத்தில் வெறுமையாகத் தெரியும். ஆகவே அதைக் குறைத்து, சுவரையோ மரத்தையோ பின்னணியாக்குவது நன்று. பத்தடி தள்ளி நிற்பது நலம். எண் பார்க்கும் சிவப்புக் கண்ணாடியைக் கையால் மறைத்துக்கொண்டே சுருளைத் திருப்ப வேண்டும்.

“செல்பேசி இருக்கும்போது இந்தத் தொல்லை எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். செல்பேசியை நாங்கள் வெறுக்கவில்லை. ஆனால் சதுரப் படம் எடுக்கும் கேமராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். பன்னிரண்டுதான் என்றால், அழுத்துவதற்கு முன் எதிரே இருப்பவரை நன்றாகப் பார்ப்போம். நெகடிவின் பரப்பும் 35 மில்லிமீட்டர் பிலிமைப்போல மூன்றரை மடங்குக்கு மேல்; எளிய லென்சின் குறையும் ஓரளவு மறைந்துவிடும். செலவு உண்டு என்பதை மறுக்கவில்லை. நால்வர் சேர்ந்து ஒரு சுருள் வாங்கினால் ஆளுக்கு மூன்று படம், பெற்றோருக்கும் பாரமில்லை.

வெயிலுக்காகக் காத்திருந்தது பழைய பிலிமின் தேவை, நம் தேவையன்று. காத்திருக்கும் நாளில் ஆச்சி ஊருக்குப் புறப்பட்டுவிடலாம். நாங்களும் இன்னும் சில மாதங்களில் தேர்வெழுதித் திசைக்கொருவராகப் பிரிவோம். எனவே தோழியரே, அடுத்த முறை மேகம் கவியும்போது கேமராவை உள்ளே வைக்காதீர்கள். வாசலுக்கு எடுத்து வாருங்கள். அன்பானவர்களை அழைத்து நிறுத்துங்கள்!